கையில் காசு கொடுத்தால்...

2007 தீபாவளி நேரம். புனேயில் எங்கள் வீட்டில் வேலைக்கு வந்துகொண்டிருந்த மௌசிக்கு போனஸ் கொடுக்க வேண்டும். (மௌசி என்றால் மராத்தியில் சித்தி. இந்த ஊரில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.) தங்கமணி ஊருக்குப் போயிருந்தார். மேஜை டிராயரில் ஆபீசில் கொடுத்த சாப்பாட்டுக் கூப்பன் புத்தகங்கள் நாலைந்து கிடந்தன. ஆயிரம் ரூபாய்க்குக் கூப்பன்களை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

என் கணக்கு என்னவென்றால், ரொக்கமாகக் கொடுத்தால் அவள் புருஷன் பிடுங்கிக் குடித்துவிடுவான். கூப்பன் என்றால் மளிகைக்கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய்தான் வாங்க முடியும். பிள்ளைகள் வயிற்றுக்குப் போய்ச் சேரும். எவ்வளவு யோசித்துச் செய்கிறோம் பாருங்கள் என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

இரண்டு வாரம் கழித்து கீழே கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், "உங்க கூப்பன் என்கிட்டதான் சார் வந்துச்சு. ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் கொடுத்தேன்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாம் நல்லது நினைத்துக் கொடுத்ததை நூறு ரூபாய் நஷ்டத்துக்கு விற்றிருக்கிறாளே! ஊரிலிருந்து திரும்பிய தங்கமணியிடம் பொருமினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பொண்ணுக்கு ஸ்கூல்ல பணம் கட்டணும்னு ஒரு மாசமா சொல்லிட்டு இருந்தா. அப்புறம் என்ன சொன்னீங்க, புருஷன் குடிச்சிடுவானா? அவன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

எட்டு மாதமாக என் வீட்டுக்கு வந்து போகிறவள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே கூப்பனை நான் எப்படிச் செலவழித்தேன்? வருமான வரிச் சலுகைக்காக ஒரு வேளைக்கு 50 ரூபாய் கணக்கில் கம்பெனி கொடுத்தது அது. சாப்பாட்டுப் பொருளுக்கு மட்டும்தான் செல்லும். மீதிச் சில்லறை கிடையாது, நாலு ரூபாய்க்கு நாலு சாக்லேட்டைத் திணிப்பார்கள். "என் சம்பளத்தை நான் எங்கே செலவழிக்கணும்னு இவங்க யாரு சொல்றதுக்கு?" என்று கேன்டீனில் புலம்பாத நாள் இல்லை. தெரிந்த கடையில் சோப்பும் ஷாம்பூவும் எடுத்துக்கொண்டு பில்லில் துவரம்பருப்பு என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். நான் செய்தால் சாமர்த்தியம், மௌசி செய்தால் நன்றி கெட்டதனம்!

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன். ஏழைக்குப் பணம் கொடுக்கும்போது அதை எங்கே வாங்க வேண்டும், எப்போது வாங்க வேண்டும், எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கொடுப்பவர் போடும் நிபந்தனைகள். நம் நாட்டில் இதற்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பெரிய அத்தியாயம் நம் மதராஸிலும், நான் இப்போது இருக்கும் இந்தப் பம்பாய் ராஜதானிப் பக்கத்திலும் ஒரே வருடத்தில் எழுதப்பட்டது.

நம் ஊர்ப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876ல் மழை பொய்த்து 1878 வரை இழுத்த பஞ்சம் அது. இறந்தவர்கள் 55 லட்சத்துக்குக் குறையாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தப் பஞ்சத்தைப் பார்வையிட 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள்.

இந்த டெம்பிளின் முன்கதையைத் தெரிந்துகொள்ளாமல் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள முடியாது. மூன்று வருடம் முன்பு, 1873-74ல், பீகாரில் பஞ்சம் வந்தபோது பொறுப்பில் இருந்தவர் இவரேதான். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை இறக்கினார், தாராளமாக விநியோகித்தார். பட்டினிச் சாவு கிட்டத்தட்ட இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்காலப் பஞ்ச நிவாரணத்தில் அது ஓர் அபூர்வம். பாராட்டு கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? கிடைத்தது திட்டு. அரசாங்கப் பணத்தை வாரி இறைத்தார், ஜனங்களைச் சோம்பேறியாக்கினார் என்று லண்டன் பத்திரிகைகள் வரை கிழித்தன. மனிதர் பாடம் கற்றுக்கொண்டார். தப்பான பாடம்.

மதராஸுக்கு வந்ததும் நிவாரண வேலை செய்பவர்களின் கூலியைக் குறைத்தார். ஒரு நாள் முழுக்க மண் வெட்டிக் கல் உடைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், அதற்குமேல் கைச்செலவுக்குச் சொற்பச் சில்லறை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்பது நம் கணக்கில் 450 கிராம். சரித்திரத்தில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் நின்றுவிட்டது. கூலி குறைந்தது மட்டுமல்ல, தூரமும் ஒரு நிபந்தனையானது. வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் இருக்கும் முகாமுக்குப் போனால்தான் வேலை. நிஜமாகவே பசி இருப்பவன் நடந்து வருவான், சும்மா வாங்க வருபவன் வரமாட்டான் என்பது தர்க்கம். யார் உண்மையான ஏழை என்று விசாரித்துக் கண்டுபிடிக்கும் வேலையை அதிகாரி செய்ய வேண்டாம், ஏழையின் கால்களே செய்துவிடும்!

மதராஸின் சுகாதாரக் கமிஷனர் வில்லியம் கார்னிஷ் என்ற டாக்டர் இதை எதிர்த்தார். உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தலாவது தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதினார். டெம்பிளுக்கும் அவருக்கும் நடந்த எழுத்துச் சண்டை பிரசித்தம். கடைசியில் மதராஸ் அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்தது. ஒன்றேகால் ராத்தல் தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று 1877லேயே உயர்த்தினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு இந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். இப்போது அதன் மேலே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. மயிலாப்பூர்ப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்த வாய்க்காலை வெட்டியவர்கள் ராத்தல் கணக்கில் கூலி வாங்கியவர்கள் என்பது எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது.

இந்தப் பக்கம், பம்பாய் ராஜதானியில், ஜனங்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். கூலி குறைப்பையும் தூரத்து முகாமையும் ஏற்க மாட்டோம் என்று 1877 ஆரம்பத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நிவாரண வேலையை விட்டு வெளியேறினார்கள். பஞ்சத்தில் பட்டினி கிடப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள்! புனே சார்வஜனிக் சபா அவர்களுக்காக மனு மேல் மனுவாக எழுதியது. 1870ல் ஆரம்பித்த சபா இது, ரானடே எல்லாம் அதில் பாடுபட்டவர். காந்தி வருவதற்கு எவ்வளவோ முன்னால், படிக்கத் தெரியாத குடியானவர்கள் "இந்த நிபந்தனையோடு உன் பணம் வேண்டாம்" என்று திரும்பி நடந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்களோ.

டெம்பிளின் வழி அவரோடு போய்விடவில்லை. 1880ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. அதிலிருந்து பிறந்த பஞ்சச் சட்டத் தொகுப்புகளில் தூரம், கடின வேலை, குறைந்த கூலி ஆகிய சோதனைகள் ஏதோ ஒரு வடிவில் தங்கின. இங்கிலாந்தில் 1834ல் வந்த ஏழைகள் சட்டத்தின் வாடைதான் அது. உதவி வாங்குபவனின் நிலைமை, உழைத்துச் சாப்பிடும் கடைசித் தொழிலாளியின் நிலைமையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. நியாயமாகச் சொல்வதானால் அந்தத் தொகுப்புகளால் நன்மையும் இருந்தது. பஞ்சம் வருகிறதென்றால் அரசாங்கம் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்பது எழுத்தில் வந்தது. 1972-73 வறட்சியில் மகாராஷ்டிரம் லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்துச் சமாளித்ததும், 1977ல் வேலை உறுதிச் சட்டம் இயற்றியதும் இந்த வேரிலிருந்து வந்தவைதான்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை.

பணத்துக்கு நிபந்தனை போடுவது கெட்ட பழக்கம் என்று சட்டத்துக்கு நன்றாகவே தெரியும். முதலாளிகள் விஷயத்தில்! ஆலை முதலாளி தன் கடையில் மட்டும் செல்லும் டோக்கனைக் கூலியாகக் கொடுத்து, அதே கடையில் கூடுதல் விலைக்கு மாவு விற்கும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. 1831ல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். இந்தியாவில் 1936ல் வந்த ஊதியம் வழங்கும் சட்டம், கூலியைப் புழக்கத்தில் உள்ள நாணயமாகவோ நோட்டாகவோதான் கொடுக்க வேண்டும் என்றது. 1948ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ரொக்கம் என்பதையே பொது விதியாக வைத்தது. உழைத்தவன் கையில் எங்கேயும் செல்லுபடியாகும் காசு இருக்க வேண்டும், அப்போதுதான் அவன் சுதந்திரமான மனிதன் என்பது இதன் பொருள். இதே நியாயம் அரசாங்கத்திடம் உதவி வாங்குபவருக்கு ஏன் பொருந்தவில்லை? அவர் உழைத்து வாங்கவில்லை என்று பதில் வரும். பஞ்ச காலத்தில் கால்வாய் வெட்டியவன் உழைக்காமலா வாங்கினான்?

சரி, எனக்கு நேரில் தெரிந்த காலத்துக்கு வருகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தெருவில் பூக்கட்டும் ஆச்சி ஒருவர் இருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. முதியோர் பென்ஷன் வரும். தமிழ்நாட்டில் இந்தப் பென்ஷன் 1962ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. நான் சொல்வது எண்பதுகளின் கதை, அப்போது தொகை கொஞ்சம் கூடியிருந்தது. மணியார்டரில்தான் வரும். தபால்காரர் சைக்கிளை எங்கள் வீட்டுத் திண்ணையில் சாய்த்துவிட்டு, "ஏலே, படிக்கிற பய, வா இங்கே" என்று என்னைக் கூப்பிடுவார். ஆச்சி கைநாட்டு. கைநாட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். எட்டாம் வகுப்புப் படிக்கும் நான்தான் அந்த அரசாங்கச் சாட்சி! (என்னைக் கையெழுத்துப் போட வைத்தது விதிப்படி சரியா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.) ஆச்சியின் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி எடுத்த பிறகு, தலைமுடியில் தேய்த்துக்கொள்வார். தபால்காரர் நோட்டுகளை எண்ணி வைப்பார், ஆச்சி அதிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்துத் திரும்பக் கொடுப்பார். யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கொடுக்காமலிருந்தும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் ஆச்சி கடைக்குப் போய் வெற்றிலை, பாக்கு, கருப்பட்டி, கொஞ்சம் புகையிலை வாங்கி வருவார். தெரு பார்த்துக்கொண்டிருக்கும். "சர்க்கார் காசுல பொயிலையைப் பாரு!" என்று எங்கள் வீட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் தெருவில் புகையிலை போடாத கிழவிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆனால் மற்றவர்கள் போட்டது சொந்தக் காசு. ஆச்சி மாதம் முழுக்கப் பூக்கட்டிச் சம்பாதித்ததும் சொந்தக் காசுதான், அதில்தான் புகையிலை வாங்கினார் என்று வைத்துக்கொண்டால் என்ன? காசில் எது எந்தக் காசு என்று எழுதியா இருக்கிறது? இந்தக் கேள்வி எனக்கு மௌசியின் கூப்பனுக்குப் பிறகுதான் தோன்றியது.

1995 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசும் முதியோர் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தது, மாதம் 75 ரூபாய். பிறகு 200 ஆனது. மணியார்டர் மெதுவாக மறைந்து எல்லாம் வங்கிக்குப் போனது. ஏன் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் ஒருபக்கமாக எழுதியதாகிவிடும். கையில் ரொக்கம் கொடுக்கும் முறையில் நடுவில் நிற்பவர்கள் அள்ளிக்கொண்டார்கள். ஆச்சியிடம் இரண்டு ரூபாய் போனது; வேறு இடங்களில் பாதி போனது, செத்தவர் பெயரில் கைநாட்டு விழுந்தது. 2006ல் தொடங்கிய நூறுநாள் வேலைத் திட்டத்தில் பொய்யான வருகைப் பட்டியல்கள் பெரிய வியாபாரமாகவே இருந்தன. 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில் அந்தத் திட்டத்தின் ஊழலைத் தணிக்கை செய்வதில் ஈடுபட்டிருந்த லலித் மேத்தா கொலை செய்யப்பட்டார். அந்த வருடத்திலிருந்துதான் கூலியை வங்கி அல்லது தபால் அலுவலகக் கணக்கில்தான் போட வேண்டும் என்று இறுக்கினார்கள். வேலை கொடுப்பவர் கையில் பணமே இருக்கக் கூடாது என்ற யோசனை அது, நல்ல யோசனை. ஆந்திராவில் விரல்ரேகை அட்டை மூலம் பணம் கொடுத்ததை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், காத்திருக்கும் நேரமும் களவும் குறைந்ததாகவே கண்டார்கள். நம் தமிழ்நாடு மட்டும் சில வருடங்கள் வேலைத்தளத்திலேயே எல்லோர் கண்ணெதிரிலும் ரொக்கமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு வழிதான். (அந்தத் திட்டத்தின் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றிவிட்டது.)

ஆனால் வங்கி என்பது வெறும் உண்டியல் இல்லையே. அதற்கும் விதிகள் உண்டு. ஏழைகளுக்கான அடிப்படைக் கணக்கில் மாதத்துக்கு நான்கு தடவைதான் பணம் எடுக்கலாம் என்று 2012ல் ரிசர்வ் வங்கி விதி வந்தது. கணக்குக்குக் கட்டணம் கிடையாது, குறைந்தபட்ச இருப்பும் வேண்டாம் என்ற சலுகைகளுக்கான விலை அது. தினக்கூலிக்காரரின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். அவர் ஐந்நூறை மொத்தமாக எடுத்து வீட்டில் வைக்கவும் பயப்படுவார், நூறு நூறாக எடுக்கவும் அப்போது அந்த விதி விடவில்லை.

2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது இது உச்சத்துக்குப் போனது. என்னைப் போன்ற சம்பளக்காரர்கள் வாரத்துக்கு 24,000 ரூபாய் எடுக்கலாம். ஜன்தன் கணக்கு வைத்திருப்பவர்கள் மாதத்துக்கு 10,000, ஆவணங்கள் முழுதாகக் கொடுக்காதவர்கள் 5,000. கறுப்புப் பணக்காரர்கள் அவர்கள் கணக்கைப் பயன்படுத்திவிடுவார்கள், அந்த அப்பாவிகளைக் காப்பாற்றத்தான் இந்த உச்சவரம்பு என்று விளக்கம் கொடுத்தார்கள். காப்பாற்றத்தான்! டெம்பிளிலிருந்து என் கூப்பன் வரை எல்லோரும் காப்பாற்றத்தான் கிளம்புகிறோம்.

2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மாதம் 500 ரூபாய் மூன்று மாதத்துக்குப் போட்டார்கள். கூட்டம் சேரக் கூடாதென்று கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துத் தேதி ஒதுக்கினார்கள். 0, 1 என்றால் 3ஆம் தேதி, 2, 3 என்றால் 4ஆம் தேதி என்று. அந்த வாரம் புனேயில் எங்கள் பக்கத்து வங்கி வாசலில் வெயிலில் வட்டம் போட்டு நின்ற வரிசையை மாடியிலிருந்து பார்த்தேன். வட்டத்துக்குள் ஆளுக்குப் பதில் செருப்பும் பையும் நின்றன. ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். 500 ரூபாய்க்கு அரைநாள். வெளியூரிலிருந்து நடந்து வந்தவருக்கு ஒரு நாள். பத்து மைல் சோதனையை யாரும் சட்டமாகப் போடவில்லை, அது தானாகவே திரும்பி வந்துவிட்டது.

எனக்கு இதில் உறுத்துவது இதுதான். சந்தேகப்படுவது கொடுப்பவர். அந்தச் சந்தேகத்துக்கான செலவை நேரமாகவும், நடையாகவும், நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடியாகவும் கொடுப்பது வாங்குபவர். எந்த பட்ஜெட்டிலும் அந்தச் செலவு ஏறுவதில்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ரொக்கமாக்கிவிட்டால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை, நான் அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு சம்பவங்கள் என் எண்ணத்தை மாற்றின.

முதலாவது, ராஜஸ்தானில் அல்வார் மாவட்டத்தின் கோட்காசிம். 2011 டிசம்பரில் அங்கே ரேஷன் மண்ணெண்ணெயைச் சந்தை விலைக்கு விற்றுவிட்டு, மானியத்தை வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்றார்கள். விற்பனை சுமார் எண்பது சதவீதம் சரிந்தது. பார்த்தீர்களா, அவ்வளவும் கள்ளச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது, மிச்சப்படுத்திவிட்டோம் என்று வெற்றி முழக்கம் வந்தது. போய் விசாரித்தவர்களிடம் ஜனங்கள் சொன்னது வேறு. பலருக்கு மானியம் வந்தே சேரவில்லை. முன்பணம் போட வழியில்லாமல் மண்ணெண்ணெய் வாங்குவதையே விட்டிருந்தார்கள்.

இரண்டாவது, ராஞ்சி பக்கத்தில் நகரி என்ற வட்டாரம். 2017 அக்டோபரில் அங்கே ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். அதுவரை கிலோ ஒரு ரூபாய்க்கு ரேஷன் அரிசி. இனி மானியப் பணம் உங்கள் கணக்கில் வரும், அதை எடுத்துக்கொண்டு அதே ரேஷன் கடைக்குப் போய்க் கிலோ 32 ரூபாய்க்கு அதே அரிசியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் இதை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். பணம் கொடுக்கிறார்கள், ஆனால் அந்தப் பணத்தால் அந்த அரிசியைத்தான், அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும். நடுவில் வங்கிக்கு ஒரு நடை, பணம் எடுத்துத் தரும் முகவரிடம் ஒரு நடை, கடைக்கு ஒரு நடை. எந்தத் திட்டத்தின் பணம் ஏறியது என்று தெரியாமல் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 2018 பிப்ரவரியில் ஜனங்கள் நகரியிலிருந்து ராஞ்சிக்கு நடந்தே போய்ப் போராடினார்கள். எங்களுக்கு அரிசியே போதும் என்றார்கள். அந்த வருடமே திட்டம் கைவிடப்பட்டது.

புதுச்சேரியிலும் 2015ல் ரேஷன் அரிசிக்குப் பதிலாகக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. அரிசியா பணமா என்று அங்கே வருடக்கணக்கில் அரசியல் சண்டை நடந்ததும், கடைசியில் 2024ல் ரேஷன் கடைகள் மறுபடி திறந்ததும் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆக ஏழைகள் எப்போதும் பணம்தான் கேட்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது, பொருள்தான் கேட்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. விலைவாசி ஏறும்போது அரிசி கேட்பார்கள், பள்ளிக்கூடம் திறக்கும்போது காசு கேட்பார்கள். நம் வீட்டிலும் அப்படித்தானே.

குடித்துவிடுவார்கள் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அந்தப் பயத்தில்தான் ஆரம்பித்தேன். மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பு 2011 முதல் சில கிராமங்களில் எந்த நிபந்தனையும் இல்லாமல் பெரியவர்களுக்கு மாதம் 200, பிள்ளைகளுக்கு 100 ரூபாய் என்று கொடுத்துப் பார்த்தது, பிறகு 300, 150 என்று உயர்த்தியது. குடி கூடியதாகத் தெரியவில்லை. சாப்பாடும், பிள்ளைகளின் படிப்பும், சின்னச் சின்னத் தொழிலும்தான் கூடின. உலகம் முழுக்க நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கியின் எவான்ஸ், போபோவா இருவரும் 2014ல் இதையேதான் சொன்னார்கள். சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு பொதுவாகக் கூடுவதில்லை. குடிப்பவர் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவர் குடிப்பார் என்பதற்காகப் பத்துப் பேரின் காசில் பூட்டுப் போடுகிறோம்.

பூட்டு இப்போது இன்னும் நுட்பமாகிவிட்டது. 2021 ஆகஸ்ட் 2 அன்று இ-ருபி என்ற ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். கைபேசிக்கு வரும் ஒரு குறியீடு, குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் செல்லும். மருந்துக்கென்று வந்தால் மருந்துக்குத்தான். ஊழலைத் தடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. சாஃப்ட்வேர்க்காரனாக எனக்கு அதன் வேலைப்பாடு பிடித்திருக்கிறது. ஆனால் என் சாப்பாட்டுக் கூப்பனின் பேரப்பிள்ளை அது என்பதும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கடைக்காரர் தொள்ளாயிரம் ரூபாய் கொடுக்கவாவது அந்தக் காகிதத்தில் வழி இருந்தது.

மௌசி இன்னும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அன்று பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டிய பெண் நர்சிங் படித்து இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மௌசிக்கு ஆதரவற்றோருக்கான மாநில உதவித்தொகை கணக்கில் வருகிறது. இருபது வருடம் பாத்திரம் தேய்த்த விரல், ரேகை பாதி அழிந்துவிட்டது. ஒரு தடவை துணைக்குப் போனேன். இயந்திரத்தில் இடது கை, வலது கை என்று ஏழு விரல் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தார். எட்டாவது விரலில் பச்சை விளக்கு எரிந்தபோது வரிசையில் பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு ஆச்சி பெருவிரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

போன தீபாவளிக்குப் போனஸை அவர் கைபேசிக்கே அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவசரமாகக் கையை ஆட்டினார். "அதுல போடாதீங்க சாஹேப். குழுக் கடன் தவணையைப் பிடிச்சுக்குவாங்க, மிச்சம் எடுக்க மறுபடி விரல் வெக்கணும். கையிலேயே குடுங்க."

கொடுத்தேன். எதற்கு என்று வாய் வரை வந்துவிட்டது, தங்கமணி அடுக்களையிலிருந்து பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். மௌசி இரண்டு தடவை எண்ணிவிட்டு, எல்லாம் ஐந்நூறாக இருக்கிறதே, ஒன்றையாவது நூறாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். எங்களிடம் இல்லை. கீழே அதே மளிகைக்கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.